பதினாறு மணி நேரம் என்று சொல்லிவிட்டேன்

போன வருஷம் மாசி மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் நடந்தது இது. நான் பஸ் டிரைவர். வீடு ராஜபாளையத்தில். ராஜபாளையம் – மதுரை வண்டி ஓட்டுகிறேன். ஸ்டியரிங் பிடித்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் தெருவில் யார் வெளியூர் கிளம்பினாலும் முதலில் என்னிடம்தான் கேட்பார்கள். "அண்ணாச்சி, திருச்சிக்கு எம்புட்டு நேரமாகும்?" நான் யோசிக்கவே மாட்டேன். தூரம் தெரிந்தால் நேரம் தெரிந்த மாதிரிதான். கல்லுப்பட்டியில் டீக்கு நிறுத்துகிற நேரம், திருமங்கலத்தில் நெரிசலில் நிற்கிற நேரம் எல்லாம் சேர்த்தே சொல்லிவிடுவேன். பெரும்பாலும் தப்பாது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. என் வீட்டுக்காரி அதற்குத் திமிர் என்று பெயர் வைத்திருக்கிறாள்.

எங்களுக்கு ஒரே மகள். கல்யாணமாகி கனடாவில் வின்னிபெக் என்ற ஊரில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்கு அங்கிருந்து இன்னும் வடக்கே ஒரு சுரங்கத்தில் வேலை. ரெண்டு வாரம் சுரங்கம், ரெண்டு வாரம் வீடு. மகளுக்கு அது தலைப்பிரசவம். எங்கள் பக்கம் தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். ஆனால் மாசமாக இருக்கிற பிள்ளை அவ்வளவு தூரம் எப்படி வரும்? அதனால் தாய் அங்கே போவது என்று முடிவு செய்தோம். அவளுக்கு மட்டும் விசா எடுத்தோம். பங்குனி கடைசியில்தான் குழந்தை பிறக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், டிக்கெட்டை மெதுவாக எடுக்கலாம் என்று விட்டுவிட்டோம்.

ஒரு நாள் மத்தியானம் நான் டூட்டி முடிந்து சாப்பிட உட்கார்ந்தேன். மகள் போன் பண்ணினாள். அங்கே அது நடு ராத்திரி. இரத்த அழுத்தம் கூடியிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்களாம். மருந்து கொடுத்துப் பார்க்கிறார்களாம். குறையாவிட்டால் மாதம் நிறையும்வரை காத்திருக்க முடியாது, ரெண்டு நாளுக்குள் குழந்தையை எடுத்துவிட வேண்டும் என்கிறார்களாம். மாப்பிள்ளை சுரங்கம் இருக்கிற ஊரிலேயே மாட்டிக்கொண்டார். ஒரே பனி. அங்கிருந்து வருகிற குட்டி விமானம் கிளம்பவில்லை. பிள்ளை இதையெல்லாம் அழாமல் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அம்மா எப்பப்பா வரும்?"

டிரைவரிடம் கேட்கிற கேள்விதானே. நான் போனிலேயே நெட்டைத் திறந்தேன். எந்த ரெண்டு ஏர்போர்ட் பெயரைப் போட்டாலும் தூரமும் நேரமும் சொல்கிற பக்கம் ஒன்று இருக்கிறது. திருவனந்தபுரம் – வின்னிபெக் என்று போட்டேன். பதிமூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் சொச்சம், பறக்கிற நேரம் ஏறத்தாழ பதினாறு மணி நேரம் என்று வந்தது. உலகப் படத்தில் ஒரு கோடு வேறு போட்டுக் காட்டியது. அந்தக் கோடு வட துருவத்தை உரசிக்கொண்டு போனது. பரவாயில்லையே, பனிக்கு மேலேயே போய்விடுகிறானே என்று நினைத்துக்கொண்டேன்.

"பதினாறு மணி நேரம் தாயி. விடியக்காலம் அம்மா பிளைட் ஏறிட்டா, உனக்கு அடுத்த நாள் காலையில அம்மா பக்கத்துல நிப்பா."

அவள் அந்த ஊர்க் கணக்கில் ஒரு தடவை கூட்டிப் பார்த்தாள். குரல் தெளிந்துவிட்டது. "அப்ப காலையில வந்துரும். டாக்டர்கிட்ட சொல்லிருதேன்பா, எங்கம்மா வாரது வரைக்கும் பொறுங்கன்னு" என்றாள்.

சாயங்காலம் வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற டிராவல்ஸுக்குப் போனேன். அங்கே வேலை பார்க்கிற பெண் கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு ஒரு டிக்கெட் எடுத்தாள். திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடாவுக்கு ஒரு விமானம். அங்கே இறங்கி மணிக்கணக்கில் காத்திருப்பு. அடுத்து டொரண்டோவுக்கு ஒன்று. அங்கே மறுபடி காத்திருப்பு. அப்புறம் வின்னிபெக். மொத்தத்தைக் கூட்டினால் நான் சொன்னதைப் போல ரெண்டு மடங்கு.

நான் சண்டைக்குப் போனேன். "என்னம்மா இது, நெட்டுல பதினாறு மணி நேரம்னு போட்டிருக்கான்."

"அது ரெண்டு ஊருக்கும் நடுவுல கோடு போட்டுக் கணக்குப் பண்ணுனது அண்ணாச்சி. அந்தக் கோட்டுல பிளைட்டே கெடையாது" என்றாள் அந்தப் பெண்.

கல்லுப்பட்டி டீக்கடைக்கு நேரம் சேர்க்கத் தெரிந்த எனக்கு, விமானம் எங்காவது நிற்குமா என்று கேட்கத் தோன்றவில்லை. ஆகாயத்தில் ஏது ஸ்டாப்பிங் என்று நினைத்திருப்பேன் போல. வேறு வழி, வேறு விமானம் என்று எல்லாம் பார்த்தாயிற்று. இதுதான் சீக்கிரம் போவது. அதாவது, மகள் எதிர்பார்க்கிற காலையில் அம்மா வரமாட்டாள். அதற்கு அடுத்த நாள் விடியத்தான் போய்ச் சேருவாள்.

அன்றைக்கு ராத்திரியே மைத்துனர் காரில் வீட்டுக்காரி திருவனந்தபுரம் கிளம்பினாள். மதுரையைத் தாண்டி அவள் தனியாக எங்கும் போனதில்லை. பைபிளையும் பாஸ்போர்ட்டையும் ஒரே பைக்குள் வைத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தாள். "அவகிட்ட உள்ளதைச் சொல்லிருங்க. நான் வந்துருவேன்னு பிள்ளை நம்பிக்கிட்டுக் கெடக்கா" என்று காரில் ஏறும்போதும் சொன்னாள். சொல்லுகிறேன் என்றேன். ஆனால் சொல்லவில்லை. பிரஷர் கூடியிருக்கிற பிள்ளையிடம் இதைச் சொன்னால் இன்னும் ஏறிவிடுமோ என்று ஒரு பயம். மருந்திலேயே குறைந்துவிட்டால் சொல்லவே தேவையிருக்காதே என்று ஒரு நப்பாசை. பிளைட் நம்பர் கேட்டு மகள் மெசேஜ் போட்டாள். அதற்கும் பதில் போடாமல் இருந்துவிட்டேன்.

மறுநாள் எனக்குக் காலை டூட்டி. மாற்று ஆள் கிடையாது. வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்கு வண்டி ஓட்டலாம் என்று நானும் லீவு கேட்கவில்லை. வீட்டுக்காரியின் விமானம் விடியற்காலையிலேயே ஏறிவிட்டது. அவள் போன் அணைந்துவிட்டது. ராஜபாளையத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டியை நிறுத்தினேன். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தால், மகள் வரிசையாகக் கூப்பிட்டிருக்கிறாள்.

இன்ஜினை அணைத்துவிட்டுத் திருப்பிக் கூப்பிட்டேன். இன்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்து உட்கார்ந்து என் காது மந்தம். ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும். அதனால் அவள் பேசியது முன் சீட்டுக்காரர்கள் எல்லாருக்கும் கேட்டது.

"அப்பா, பிரஷர் ரொம்ப ஏறிருச்சாம். இப்பவே ஆபரேஷன் பண்ணணும்கிறாங்க. நான் கையெழுத்துப் போடல. காலையில எங்கம்மா வந்துரும், அதுவரைக்கும் பொறுங்கன்னு சொல்லிட்டேன். அம்மா இப்ப எங்க வருது?"

இனி மறைக்க முடியாது. "அம்மா காலையில வராது தாயி" என்றேன். வளைகுடா, டொரண்டோ, காத்திருப்பு, எத்தனை மணி நேரம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். டைம் கீப்பர் ஆபீசில் ஒப்பிக்கிற மாதிரி ஒப்பித்தேன்.

"நீங்கதானப்பா பதினாறு மணி நேரம்னு சொன்னீங்க" என்றாள். அப்புறம் அழுகை. "நான் அம்மா வராம உள்ள போகமாட்டேன். நான் செத்துப் போயிட்டேன்னா அம்மா வந்து யாரைப் பாக்கும்?"

பிரசவம் என்றால் எங்கள் வீடுகளில் ஆம்பளை வெளியேதான் நிற்பான். என்ன பேச வேண்டும் என்று எனக்குத் தெரியாது. "டாக்டர் சொல்றதைக் கேளு", "பயப்படாத" என்று சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் காதில் விழுந்த மாதிரியே இல்லை. நேரம் போகப் போக ஆபத்து என்று பின்னால் யாரோ இங்கிலீஷில் சொல்வது கேட்டது. வெளியே டைம் கீப்பர் விசில் ஊதினார். கண்டக்டர் தம்பி என் முகத்தைப் பார்த்துவிட்டு, பேசிவிட்டு வருகிறேன் என்று அவரிடம் இறங்கிப் போனார்.

இடது பக்கம் முதல் சீட்டில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். ஐம்பது ஐம்பத்தைந்து வயதிருக்கும். மடியில் ஒரு கட்டைப்பை. அதற்கு முன்னால் நான் அவரைப் பார்த்ததில்லை. பையைப் பக்கத்து சீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு எழுந்து வந்து கையை நீட்டினார்.

"போனை இங்க குடுங்க அண்ணாச்சி."

நான் தயங்கினேன். அவர் காத்திருக்கவில்லை, வாங்கிக்கொண்டார்.

"ஏட்டி தாயி, நான் உங்க அப்பா வண்டியில வாரவ. அழுகையை நிறுத்து, நான் ஒண்ணு கேக்கேன். செத்துப்போறவ இம்புட்டுக் கேள்வி கேட்டுக்கிட்டா இருப்பா?"

மறுபக்கம் அழுகை சட்டென்று நின்றது. யாரென்று தெரியாத குரல் அல்லவா.

"உங்கம்மா எதுக்கு வாரா? ஆபரேஷன் பண்ணவா வாரா? அது டாக்டர் பாத்துக்கிடுவாக. அவ வாரது பேரப்பிள்ளையக் குளிப்பாட்ட. அதுக்கு நாளைக் கழிச்சு வந்தாப் போதாதா? நீ இன்னும் பெத்தே முடிக்கல, அவ வந்து என்னத்தைக் குளிப்பாட்டுவா?"

பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள். எனக்கு அந்த நேரத்தில் சிரிப்பு வரவில்லை. ஆனால் போனுக்குள்ளிருந்து என் மகள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. சின்ன வயதிலும் அழுகை முடியும்போது அப்படித்தான் உறிஞ்சுவாள்.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டாள்.

"ரெண்டு" என்றார் அந்த அம்மா, யோசிக்காமல். "மூத்தது பொறக்கையில நல்ல மழை. ஓடையில வெள்ளம் போகுது. எங்கம்மா அக்கரையில நிக்கா, நான் இக்கரையில துடிச்சுக்கிட்டுக் கெடக்கேன். கூப்பிட்டாக் கேக்கிற தூரம்தான், ஆனா வர முடியுமா? எங்கம்மா அக்கரையில நின்னா, உங்கம்மா ஆகாசத்துல நிக்கா. எனக்கு நல்லபடியாப் பொறக்கலையா?"

"பயமா இருந்துச்சா?"

"இல்லாமலா? பயந்துக்கிட்டேதான் பெத்தேன். பயம் போகட்டும்னு இருந்தா எவ பெத்திருப்பா? அங்க நர்ஸுப் பிள்ளை யாரும் பக்கத்துல நிக்கா?"

"நிக்காங்க."

"அவ கையப் பிடிச்சுக்க. தாய் கைன்னு நெனச்சு இறுக்கிப் பிடி, வலிச்சா அவ சொல்லிக்கிடட்டும். இப்பக் கையெழுத்தைப் போடு. உங்க அப்பா இங்க வண்டியை நிறுத்திப்போட்டு முழிச்சுக்கிட்டு நிக்காரு. நீ சரின்னு சொன்னாத்தான் நாங்க ஊர் போய்ச் சேர முடியும்."

பஸ்ஸே அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தது. அறுபது பேர் உட்கார்ந்திருந்த வண்டியில் ஒருத்தர்கூட நேரமாகிறது என்று சொல்லவில்லை.

"சரி" என்றாள் என் மகள். "போட்டுருதேன். அப்பாகிட்ட சொல்லிருங்க, நான் கோவமா இல்லைன்னு."

லைன் துண்டித்தது. நான் கீழே இறங்கிக் குழாயில் முகம் கழுவினேன். செத்த நேரம் நின்றுவிட்டுத்தான் ஏறினேன். அத்தனை உயிரை வைத்துக்கொண்டு அந்த மனசோடு ஓட்டக்கூடாது. கண்டக்டர் விசில் கொடுத்தார், வண்டியை எடுத்தேன்.

அந்த அம்மா கிருஷ்ணன்கோவிலில் இறங்க வேண்டியவர். அங்கிருந்து கூமாப்பட்டிக்கு வேறு பஸ் பிடிக்க வேண்டும் என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டு வந்தார். ஸ்டாப்பில் நிறுத்தியதும், நன்றி என்று வெறுமனே சொல்லக் கூச்சமாக இருந்ததால், "பிள்ளைங்க ரெண்டு பேரும் என்ன பண்றாங்கம்மா?" என்று கேட்டேன்.

அவர் ஒரு படி இறங்கியிருந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"அது எங்கக்கா கதை அண்ணாச்சி. ஓடையில வெள்ளம் போனது, எங்கம்மா அக்கரையில நின்னது எல்லாம் நெசம். நான் அக்கா கையப் பிடிச்சுக்கிட்டு நின்னவ. எனக்கு வயித்துல ஒண்ணும் தங்கல. அந்தப் பிள்ளை கேக்கையில அதைச் சொல்லிக்கிட்டா இருக்க முடியும்?"

அவ்வளவுதான். பையை வாங்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. நான் கிளம்ப வேண்டியதாயிற்று.

மதுரையில் வண்டியை நிறுத்தியபோது மாப்பிள்ளையிடமிருந்து போன். ஆஸ்பத்திரியில் இருந்து அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். பெண் குழந்தை. எடை குறைவு, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், ஆனால் நன்றாக அழுகிறது. தாய்க்கும் ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தால் ரெண்டு உயிருக்கும் உத்தரவாதம் சொல்லியிருக்க முடியாது என்று டாக்டர் சொன்னாராம். நான் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில், ஆட்களுக்கு நடுவில் நின்றுகொண்டு வாய்விட்டு அழுதேன். கண்டக்டர் தம்பி ஒரு டீயை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்தபோது பேத்தி பிறந்து ஒரு நாளுக்கு மேல் ஆகியிருந்தது. வளைகுடாவில் இறங்கியதும் அவள் போனை உயிர்ப்பித்திருக்கிறாள். செய்தி தெரிந்து, பாஷை தெரியாத ஏர்போர்ட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு பெண்ணைக் கட்டிப் பிடித்துக்கொண்டாளாம். குழந்தையை அவள் குளிப்பாட்டியது அதற்கும் ரொம்ப நாள் கழித்து, பெட்டியிலிருந்து வெளியே எடுத்த பிறகு. அன்றைக்கு வீடியோவில் காட்டினார்கள். வீட்டுக்காரி, மகள், வந்து சேர்ந்துவிட்ட மாப்பிள்ளை என்று மூவருமாகச் சேர்ந்து ஒரு சின்ன உயிரைப் பிடித்திருந்தார்கள்.

இப்போதும் யாராவது என்னிடம் எந்த ஊருக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டால் சொல்கிறேன். முன்பு மாதிரி அடித்துச் சொல்வதில்லை. அது பெரிய விஷயமில்லை. எந்த டிரைவருக்கும் ஒரு நாள் கணக்குத் தப்பத்தான் செய்யும்.

என்னை அரிப்பது வேறு. என் மகளுக்கு வளைகாப்பு இங்கே ராஜபாளையத்தில் நடந்திருந்தால், அந்த அம்மா எங்கள் சொந்தமாகவே இருந்திருந்தாலும், அவர் கையால் ஒரு வளையல் போட நாங்கள் விட்டிருக்க மாட்டோம். சர்ச்சுக்குப் போகிற குடும்பம்தான், ஆனாலும் விட்டிருக்க மாட்டோம். பிள்ளை இல்லாதவர் என்று ஒரு ஓரமாக உட்கார வைத்து, சாப்பாடு போட்டு அனுப்பியிருப்போம். அவரும் அது தெரிந்து ஓரமாகவே உட்கார்ந்திருப்பார். அப்படி எத்தனை பந்தியில் உட்கார்ந்து எழுந்து வந்தவரோ அவர்.

கிருஷ்ணன்கோவில் ஸ்டாப்பில் நிற்கும்போதெல்லாம் அந்த முகத்தைத் தேடுகிறேன். இதுவரை பார்க்கவில்லை. மகள் ஒவ்வொரு வாரமும் வீடியோ போனில், "அந்த அத்தையைப் பாத்தீங்களாப்பா? அவங்க பிள்ளைங்க ரெண்டும் நல்லா இருக்காங்களா?" என்று மறக்காமல் கேட்கிறாள். நல்லா இருக்காங்க தாயி என்று சொல்லிவிட்டு, அவள் மடியில் கையைக் காலை உதைத்துக்கொண்டிருக்கிற பேத்தியை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த அம்மாவுக்குப் பிள்ளை இல்லை என்று சொல்ல எனக்கு இப்போது வாய் வருவதில்லை.